தொலைவிலிருந்து வரும் குரல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோய் தீர மருந்து வேண்டும். மருந்தைத் தேர்வதற்கோ நோயாளி சொல்வது வைத்தியருக்கு விளங்க வேண்டும். இது எவ்வளவு அரிய காரியம் என்பதை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களுட் பலர் ஆங்கிலமும் நன்கறிவர், அறியாதாரும் பலர். 1980ஆம் ஆண்டிற் புளோரிடா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். உணர்விழந்த ஓர் இளைஞனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது, “இன்டொக்சிகாடோ” என்ற ஸ்பானியச் சொல் பேசப்பட்டது. உண்டது ஒவ்வாது போயிற்று என்பதே உறவினர் கருத்து. கேட்டவர்களோ போதைமருந்தின் மயக்கம் என்று கொண்டார்கள். உண்மையில் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதனை அறிவதற்குள் காலம் கடந்தது. கைகளும் கால்களும் செயலிழந்தன. ஒரு சொல்லின் விலை அது!

2020 மார்ச் 11ஆம் திகதி கொவிட் நோயை உலகப் பெருந்தொற்று என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பெறுவோரிற் பலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைவதால் தொற்று எளிதிற் பற்றும். ஆகவே அவர்களை அடிக்கடி வைத்தியசாலைக்கு அழைப்பதே ஆபத்தாயிற்று. அம்மாதமே, முதியோருக்கான ‘மெடிக்கெயர்’ என்னும் அரசாங்கக் காப்புறுதி, வீட்டிலிருந்தபடியே வைத்தியருடன் பேசும் தொலைவைத்தியத்துக்கு நாடெங்கும் பணங்கொடுக்க முன்வந்தது.

மருந்தேற்றுவதும், கதிர்ச்சிகிச்சையும், கட்டியைத் தொட்டறிவதும் திரையிலே நடவா. ஆயினும் பரிசோதனை முடிவை விளக்கலாம், காய்ச்சல், வாந்தி, வலி பற்றிக் கேட்டறியலாம், அஞ்சியவரைத் தேற்றலாம். இவையெல்லாம் பேச்சினால் நடப்பவை. அப்பேச்சிலேதான் ஸ்பானிய மொழியினருக்கு இடர் நேர்ந்தது. பல இடங்களில் இணைப்புக்குரிய அறிவுறுத்தல்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. மொழிபெயர்ப்பாளரை மூன்றாமவராகச் சேர்க்கும் வசதி எங்கும் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லா இடத்தும் இருந்ததென்றும் சொல்ல முடியாது.

அந்நிலையில் அருகிலிருப்பது யார்? பாடசாலையில் ஆங்கிலம் கற்ற பிள்ளை. “உன் தாயின் நோய் பரவிவிட்டது” என்ற செய்தியைப் பத்து வயதுக் குழந்தையின் வாயாற் சொல்லுவிப்பது தகுமா? அஞ்சிய பிள்ளை பாதியை மறைக்கும். தாயும் தன் வலியைப் பிள்ளைக்கு மறைப்பாள். உயிருக்கு உடனடி ஆபத்துள்ள வேளையிலன்றிச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக நம்பலாகாது என 2016ஆம் ஆண்டு விதிகளே அந்நாட்டில் விலக்கியிருந்தன. விதி இருந்தது, பயிற்சி பெற்ற ஆள் திரைக்கு வந்தாரா என்பதே கேள்வி.

இளைஞர்களே! கருவி குரலைக் கொண்டுசெல்லும்; பொருளைக் கொண்டுசெல்பவன் மனிதன். மொழிபெயர்ப்பு நோயாளிக்கு இடும் பிச்சையன்று. அது சிகிச்சையின் ஓர் உறுப்பு. இரு மொழி கற்றவர்கள் அதனை முறையாகப் பயின்று தொண்டாற்றுவார்களானால், துன்புறும் ஒருவர் தம் வாயாலேயே தம் நோவைச் சொல்லி ஆறுதல் பெறுவார். அதனினும் பெரிய தொண்டு எது?