சிரிப்பு இதழில் வந்த சின்ன விளம்பரம்

1863ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் 'லா வீ பாரிசியேன்' என்னும் இதழ் பிறந்தது. 'பாரிஸ் வாழ்க்கை' என்பது அதன் பொருள். மார்சலின் என்ற ஓவியர் அதைத் தொடங்கினார். சீமான் சீமாட்டிகளின் விருந்து, நாடகம், உடை, காதல் ஆகியவற்றைப் படம் போட்டுக் கேலி செய்தது அவ்விதழ். பின்னாளில் அழகிகளின் படங்கள் மிகுந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க ஏடன்று அது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரெஞ்சு வீரர்கள் மண்ணில் வெட்டிய குழிகளில் சேற்றோடு சேறாகக் கிடந்தார்கள். நாட்டின் வடபகுதியை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டதால், அங்கிருந்து வந்த வீரர்களுக்கு வீட்டுச் செய்தியே அரிதாயிற்று. அப்போது, முன்பின் அறியாத வீரருக்குக் கடிதமும் பொட்டலமும் அனுப்பப் பெண்கள் பலர் முன்வந்தார்கள். 'போர்க்கால ஞானத்தாய்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர்.

அப்படி ஒருத்தி வேண்டுமென்று வீரர்கள் இந்தச் சிரிப்பு இதழில் விளம்பரம் கொடுத்தார்கள். காதலை நாடியவர்களும் அவர்களுள் உண்டு. ஆனாலும், 'எனக்கும் ஒரு கடிதம் வராதா?' என்ற ஏக்கமே பல விளம்பரங்களின் அடியில் இருந்தது.

1970இல் அவ்விதழ் நின்றது. அதன் வண்ணப் படங்களைப் போற்றிச் சேர்ப்போர் இன்றும் உண்டு. எனக்கோ அந்தச் சின்ன விளம்பரங்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

நேயர்களே, தோட்டத்தை விட்டுத் தொலைவில் வேலைக்குப் போன பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றிரவே அவனுக்கு நாலு வரி எழுதுங்கள்.