வாத்தியத்தோடு பழகுதல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பேஸ் கிதார் என்னும் தந்தி வாத்தியம். ஆவடிப் பக்கத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்கும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்ற கிழவனுக்கும் மேல்நாட்டு வாத்தியம் ஒன்றுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். அவ்வுறவு என் பேரன் வழியாக வந்தது. கல்லூரியில் படிக்கும் அவன், இரண்டாண்டுக் காலம் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பெங்களூரிலுள்ள ஒரு கைவினைஞரிடம் தன் கைக்கேற்ற அளவில் பேஸ் கிதார் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினான். அதனோடு அவன் பழகிய கதையில் பௌதிகப் பாடமும் நிரம்ப உண்டு. ஆகையால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

திரைப்படப் பாடலொன்றைக் கேட்கும்போது நம் செவி பாடுபவரின் குரலைப் பற்றிக்கொண்டு செல்கிறது. அக்குரலுக்கு வெகு கீழே, தாளத்தோடு கைகோத்து நடக்கும் தாழ்ந்த நாதம் ஒன்று உண்டு. அதைப் பலர் தனியே கவனிப்பதில்லை. நின்றுவிட்டால்தான் ஏதோ குறைந்துபோயிற்று என்று உணர்வார்கள். இளையராஜா அவர்கள் 1980களில் அமைத்த பாடல்களை எடுத்து, பாட்டை மறந்து அத்தாழ்ந்த நாதத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது தானே ஒரு தனிப் பாட்டாக ஓடுவது புலப்படும். ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் பாடல்கள் பலவற்றில் அந்நாதத்தை எழுப்பியவர் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ்.

நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அடுத்தவை 55, 73, 98. இங்கே ஒரு வேடிக்கை. நீங்கள் இப்பேச்சைக் கேட்கும் சிறு வானொலிப் பெட்டியோ கைபேசியோ 41 அதிர்வுள்ள ஒலியை எழுப்ப வல்லதன்று. அதன் ஒலிபெருக்கி அவ்வளவு சிறியது. ஆயினும் பேஸ் கிதாரின் ஒலி உங்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது. எவ்வாறு? தந்தி ஒருபோதும் ஒரே அதிர்வோடு நிற்பதில்லை. 41 உடன் 82, 123, 164 என அதன் மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன. பெட்டி அம்மடங்குகளை மட்டுமே தருகிறது. அடியிலிருக்க வேண்டிய 41 ஐ நம் மூளை தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. கணக்கு வராது என்று சொல்லும் மாணவனும் செவியால் இக்கணக்கை நாள்தோறும் பிழையின்றிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

இவ்வாத்தியத்தின் பிறப்பும் வானொலியோடு தொடர்புடையது. 1938 இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிற்று. அதே 1938 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்டன் என்னும் ஊரில், லியோ பெண்டர் என்னும் இளைஞர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்களின் முறையீடுகளைப் பொறுமையுடன் கேட்கத் தெரியும். அக்காலத்தில் தாழ்ந்த நாதத்துக்கென இருந்தது ஆளுயரமுள்ள டபுள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. மெட்டுகள் இல்லாமையால் ஸ்வரம் பிசகாமல் வாசிப்பதும் கடினம். பிற வாத்தியங்களின் நடுவே அதன் ஒலியும் எடுபடாது. சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் 1930களின் நடுவிலேயே மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார், அது பரவவில்லை. 1951 இல் பெண்டர் வெளியிட்ட பேஸ் கிதார்தான் உலகெங்கும் பரவிற்று. மெட்டுகளால் ஸ்வரம் துல்லியமாக நிற்கும் என்பதைச் சுட்டி அதற்குப் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயரிட்டார்.

மெட்டு என்றதும் உங்களுக்கு வீணை நினைவுக்கு வரலாம். தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் கடைகிறார்கள். அதன் தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகைப் படியவைத்து, அதில் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மேளம் கட்டுபவரிடம் அளவுகோல் இல்லை. தந்தியை மீட்டி, செவியால் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி நிறுத்துகிறார். பேஸ் கிதாரிலோ மெட்டுகளை மரத்திலேயே அறைந்துவிடுகிறார்கள். பின்னர் அவற்றை நகர்த்த வழியில்லையாதலால் முன்னமே கணக்கிட்டாக வேண்டும். என் பேரனின் வாத்தியத்தில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். அதை 17.817 ஆல் வகுத்தால் 48.5 வரும், முதல் மெட்டு அங்கே. எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் 45.8, இரண்டாவது மெட்டு முதல் மெட்டிலிருந்து அவ்வளவு தொலைவில். இவ்வாறே போனால் 12 ஆம் மெட்டு சரியாகப் பாதி நீளத்தில் வந்து நிற்கும். வீட்டில் கிதார் உள்ளவர்கள் அளந்து பார்க்கலாம். 1581 இல் வெளியான தம் நூலில் வின்சென்சோ கலிலி என்னும் இத்தாலிய இசையறிஞர் இதற்குப் பதிலாக 18 ஆல் வகுக்கச் சொன்னார். அது கைக்கணக்குக்கு எளிது, பலனும் ஏறத்தாழச் சரி. அவருடைய மகன்தான் வானியலறிஞர் கலிலியோ.

இனிப் பேரனின் கதைக்கு வருவோம்.

வாத்தியம் அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். அடைமழைக் காலம். பெட்டியைத் திறந்தபோது அவன் முகத்தில் இருந்த ஒளி நான்கு நாள்கூட நிற்கவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, “தாத்தா, நான் ஏமாந்துபோனேன். தாழ்ந்த தந்தி கரகரக்கிறது. ஒலிபெருக்கியில் இடைவிடாமல் ஓர் இரைச்சல் வருகிறது. ஓரிடத்தில் ஸ்வரம் பிறந்தவுடனே செத்துப்போகிறது. இரண்டாண்டு உழைப்பு வீணாயிற்று” என்றான். பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பது செய்தவர் அளித்திருந்த வாக்கு. அவன் தந்தையோ, “உடனே திருப்பி அனுப்பிவிட்டுப் பாடத்தைப் பார்” என்றார். மீதமிருந்தது ஐந்து நாள்.

நான் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, குறைகளை எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றின் எதிரிலும், இக்குறை வாத்தியத்தைச் சேர்ந்ததா, நம் வீட்டைச் சேர்ந்ததா, உன் கையைச் சேர்ந்ததா என்ற கேள்வியை எழுதவைத்தேன். சோதனைச் சாலையில் நாங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். விடை தெரியாமல் வாத்தியத்தைத் திருப்பினால், அடுத்து வாங்குவதும் அதே வீட்டில், அதே கையில்தானே கரகரக்கும்?

முதலில் இரைச்சல். இவ்வாத்தியத்தில் ஒலியைப் பிடிப்பது பிக்கப் என்னும் உறுப்பு: காந்தங்களைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831 இல் கண்ட உண்மையேதான். நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் அச்சுருளுக்குத் தந்தியென்றும் பிறவென்றும் வேறுபாடு தெரியாது. வீட்டு மின்கம்பிகள் வினாடிக்கு 50 முறை மாறும் மின்னோட்டத்தைச் சுமப்பதால், அந்த 50 ஐயும் அதன் இரட்டிப்பான 100 ஐயும் பிக்கப் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. நான்காம் தந்தியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் ஸ்வரத்துக்கு வினாடிக்கு 49 அதிர்வு. அதன் பக்கத்திலேயே 50 அமர்ந்து உறுமினால் எப்படி இருக்கும்! தந்திகளைக் கையால் தொட்டதும் இரைச்சல் பெரிதும் தணிந்தது. வாத்தியத்துக்குள் நில இணைப்பு சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பிறகு மின்பணியாளரை அழைத்துச் சுவரிலிருந்த மூன்று துளைச் செருகியைச் சோதித்தோம். மூன்றாம் துளையில் நில இணைப்பே இல்லை! அதைச் சரிசெய்து, மேசை விளக்கையும் அப்பால் தள்ளி வைத்ததும் இரைச்சல் காதில் விழாத அளவுக்கு அடங்கிற்று. இக்குறை வீட்டினுடையது. பாட்டுக்காக அல்லாவிட்டாலும் உயிருக்காகச் சரிசெய்ய வேண்டிய குறை.

அடுத்துக் கரகரப்பு. இதில் சற்றுப் பொறுமை வேண்டியிருந்தது. இறுக்கிய தந்திகள் கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நிற்க, கழுத்தின் மரத்துக்குள் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி ஒன்று ஓடுகிறது. கழுத்து முற்றிலும் நேராக இருத்தல் ஆகாது. தந்தி அகன்று அதிர இடம் வேண்டுமாதலால், மிகச் சிறிய குழிவு தேவை. அளக்கும் முறை எளிது. தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால் தந்தியே நேர்கோடாகிவிடும்; எட்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நலம். இதை எதைக்கொண்டு அளப்பது என்று அவன் கவலைப்பட்டான். அம்பத்தூரில் வாழ்பவனுக்கு அக்கவலை எதற்கு? எதிர்வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் இயக்குபவர். அவருடைய ஃபீலர் கேஜை, அதாவது பல கனத்து எஃகுத் தகடுகளைக் கத்திபோல் அடுக்கிய கருவியை, மனமுவந்து கொடுத்தார். 0.05 மில்லிமீட்டர்த் தகடுகூட நுழையவில்லை. கழுத்து நிமிர்ந்துபோயிருந்தது.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பது. நம் ஊரோ கடலுக்கு அண்மையில், ஏரிகளின் நடுவே இருக்கிறது. ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கும். மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டேயிருக்கும் பொருள். இடம் மாறினால் அது சற்று அசைந்துதான் ஊன்றும். செய்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டான். அவர் சினம் கொள்ளவில்லை. “கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே, ஒரு நாள் விட்டுப் பார்” என்றார். ஆலன் கீயால் கால் சுற்றுத் தளர்த்தினோம். மறுநாள் அளந்தோம், மீண்டும் கால் சுற்று. மூன்றாம் நாள் 0.3 மில்லிமீட்டர்த் தகடு உராய்ந்துகொண்டு நுழைந்தது. என்னைக் கேட்டால், இக்காலத்து மாணவர்களுக்கு மிகக் கடினமான செயல் அந்த ஒரு நாள் காத்திருப்பதுதான்.

பெரும்பகுதி கரகரப்பு போயிற்று. எஞ்சியது எங்கிருந்து வந்தது என்று நான் அவன் இடக்கையைக் கவனித்தேன். இரண்டு மெட்டுகளின் நட்டநடுவில் விரலை வைத்து, வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டிருந்தான். மெட்டை ஒட்டினாற்போல் விரலை வைத்தால் பாதி வலிமை போதும். ஒலியும் தெளிவாக வரும். வீணை பயின்ற என் தமக்கை சொல்லக் கேட்டிருந்தது இது. அவன் தாளில் ‘கை’ என்று அவனாகவே எழுதிக்கொண்டான். கையின் குறைக்கு ஐந்து நாள் போதாது. மூன்று மாதம் ஆயிற்று. விரல் நுனியில் கொப்புளம் எழுந்து, ஆறி, தோல் தடித்த பிறகே நாதம் வட்டமாக வரத் தொடங்கிற்று.

செத்துப்போகும் ஸ்வரம் மட்டும் மிஞ்சிற்று. முதல் தந்தியின் ஐந்தாம் மெட்டில் வினாடிக்கு 131 அதிர்வுள்ள ஸ்வரம் பிறக்கிறது. மற்ற ஸ்வரங்கள் நெடுநேரம் நிற்க, இது மட்டும் விரைவில் அடங்கிவிடும். ஊஞ்சலை அதன் கதிக்கு ஒத்துத் தள்ளினால் அது வீச்சை வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள். மரக்கழுத்துக்கும் அவ்வாறே தனக்கென ஒரு கதி உண்டு. தந்தியின் அதிர்வு அதனோடு ஒத்துவிட்டால், கழுத்து தந்தியின் ஆற்றலைக் குடித்துவிடுகிறது. நீண்ட மரக்கழுத்துள்ள பேஸ் கிதார்கள் பலவற்றில், பெயர்பெற்ற நிறுவனங்களின் வாத்தியங்களிலும்கூட, பெரும்பாலும் அதே தந்தியில் ஐந்தாம் மெட்டையொட்டி இவ்விடம் அமைகிறது. அதைச் செய்தவரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. தலைப்பகுதியில் சிறு எடையொன்றைப் பொருத்தினால் அது இடம் பெயரும், முற்றும் மறையாது.

பத்தாம் நாள் காலையில் தந்தையும் மகனும் அத்தாளை வைத்துக்கொண்டு பேசினார்கள். நான் இடையில் புகவில்லை. வாத்தியம் வீட்டிலேயே தங்கிற்று. இப்போது அவன் அந்த 131 அதிர்வு ஸ்வரத்தை நீட்ட வேண்டியிருந்தால், முதல் தந்தியை விட்டு இரண்டாம் தந்தியின் பத்தாம் மெட்டுக்குக் கையை நகர்த்திக்கொள்கிறான். அங்கே அதே ஸ்வரம் சற்றுத் தடித்த குரலில், வேண்டுமளவு நிற்கிறது. குறுகிய ஸ்வரமாக இருந்தால் பழைய இடத்திலேயே வாசிக்கிறான். அங்கே அது தானாகவே அடங்குவதால், கையால் நிறுத்தும் வேலை மிச்சம் என்கிறான்.