தொழிற்கூடத்தில் ஓர் ஆசிரியர்



தொழில் நிர்வாகத் துறையில் 'லீன்' என்னும் சொல் இக்காலத்தில் பெரிதும் வழங்குகிறது. ஊளைச்சதை இல்லாத உடம்பைக் குறிக்கும் சொல் அது. ஜப்பானில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் வளர்த்த உற்பத்தி முறைக்கு, 1988ஆம் ஆண்டில் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இட்ட பெயர் இது.

அம்முறையை உருவாக்கியவர்களுள் தலையாயவர் டாயிச்சி ஓனோ. வேலையில் நேரும் வீணை அவர் ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், பொருள்களை இடம் விட்டு இடம் சுமத்தல், வேண்டாத செய்முறை, சரக்கைக் குவித்து வைத்தல், பயனில்லாத அசைவுகள், பழுதுள்ள பொருளைச் செய்தல் என்பன அவை. இவ்வேழையும் ஒரு மாணவன் ஒரு நாழிகையில் மனப்பாடம் செய்துவிடுவான். இடர் தொடங்குவதும் அவ்விடத்தில்தான். இரண்டு நாள் வகுப்பு நடத்தி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து, சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று கருதும் நிர்வாகிகள் பலர். இம்முறையில் பயிற்சிக்கு முடிவே கிடையாது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதன் வேர்களுள் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டில், போர்த் தளவாட உற்பத்தியைப் பெருக்கும்பொருட்டு, தொழிலகங்களுக்குள்ளேயே பயிற்சி தரும் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசு தொடங்கியது. கைதேர்ந்த தொழிலாளர் பலர் படைக்குச் சென்றனர். ஆலையையே கண்டிராதவர்கள் அவர்கள் இடத்திற்கு வந்தனர். அத்தனை பேருக்கும் கற்பிக்க ஆசிரியர்களுக்கு எங்கே போவது? ஆகவே, அங்கங்கே இருந்த மேஸ்திரிகளையும் மேற்பார்வையாளர்களையும் கற்பிக்கப் பழக்கினார்கள். வேலை கற்பிக்கும் முறைக்கான வகுப்பு நாளொன்றுக்கு 2 மணி நேரமாக 10 மணி நேரம் நடந்தது. 1945இல் திட்டம் முடிவுறுவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் அது பரவியிருந்தது.

அவ்வகுப்பின் முதல் நாளில் ஒரு சோதனை நடக்கும். மின்விளக்குக் கம்பியில் இடும் ஒரு முடிச்சைப் போடும் விதத்தைப் பயிற்சியாளர் வாயால் மட்டும் ஒருவருக்குச் சொல்வார். கேட்டவரால் முடிச்சுப் போட இயலாது. பிறகு மற்றொருவருக்கு வாய் திறவாமல் செய்து காட்டுவார். அவராலும் இயலாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் அறிந்ததே. விளக்கமில்லாத கைவேலையும் அப்படித்தான் என்பதை வந்திருந்தோர் நேரில் கண்டுகொள்வர்.

அதன்பின் நான்கு படிகள் கற்பிக்கப்படும். முதலாவது, கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவருக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிதல். இரண்டாவது, வேலையை ஒவ்வொரு செயலாகச் சொல்லியும் செய்தும் காட்டி, அதன் நுட்பத்தையும் காரணத்தையும் விளக்குதல். மூன்றாவது, அவரையே செய்யவும் சொல்லவும் விட்டுப் பிழை திருத்துதல். நான்காவது, தனியே வேலை செய்யவிட்டு, அடிக்கடி சென்று பார்த்து, மேற்பார்வையைப் படிப்படியாகக் குறைத்தல். ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த பாடப் படிகளை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர்களுக்கு இவை பழைய நண்பர்களைப்போலத் தோன்றும். கற்பவர் கற்கவில்லையெனில், கற்பித்தவர் முதலில் தம் கற்பித்தலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. வகுப்பறையிலேயே எளிதில் கைக்கூடாத கொள்கை இது.

போர் முடிந்ததும் அமெரிக்க அரசு இத்திட்டத்தைக் கைவிட்டது. போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற அது அங்கே நிலைத்தது. 1950களின் தொடக்கத்தில் டொயோட்டாவும் அதனை ஏற்றுக்கொண்டது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் இன்றைய நிலையில் சிறந்த வழி எதுவோ அதை ஒரு தாளில் எழுதி வைக்கிறார்கள். அதனினும் நல்ல வழியைத் தொழிலாளி கண்டால், ஆராய்ந்து தாளைத் திருத்துகிறார்கள். தாள் திருந்தினால், அவ்வேலையைச் செய்யும் அனைவருக்கும் பாடத்தை மறுபடியும் நடத்த வேண்டுமன்றோ? முன்னேற்றம் நிற்காதவரையில் பயிற்சியும் நிற்க முடியாது.

இதற்கு ஒரு சான்று உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. தொழிலாளருள் பெரும்பாலோர் பழைய ஆலையில் இருந்தவர்களே. அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்குச் சென்று பயின்று திரும்பினர். குறை கண்டால் கயிற்றை இழுத்து உதவி கோரவும், தேவையானால் உற்பத்தியை நிறுத்தவும் சாதாரணத் தொழிலாளிக்கே உரிமை அளிக்கப்பட்டது. ஆகாதவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த அவர்களே தரமான கார்களைச் செய்து புகழ் பெற்றார்கள்.

1988இல் அந்த ஆலையின் கார்களுக்குத் தேவை குறைந்தது. ஆட்களைக் கழிப்பதற்கு அது வசதியான தருணம். ஆனால் ஆலை யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி அளித்தது, வேலைமுறைகளைச் சீர்திருத்தச் செய்தது. பின்னர் 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொள்ள, 2010இல் ஆலை மூடப்பட்டது என்பதும் உண்மையே. எந்தப் பயிற்சியும் சந்தையின் எல்லா இடியையும் தாங்கிவிடாது. எனினும் 1988இல் அந்நிர்வாகம் நடந்துகொண்ட விதம் நாம் கருதத்தக்கது.

இதில் அடங்கிய நியாயம் எளியது. தன் வேலையில் உள்ள வீணை அத்தொழிலாளியே நன்கு அறிவான். அதை எடுத்துச் சொன்னால் தன் பிழைப்புக்கே கேடு வரும் என்று அவன் அஞ்சினால், எத்தனை வகுப்பு நடத்தினாலும் வாய் திறக்க மாட்டான். வீணைக் கழிப்பதாகச் சொல்லி ஆளைக் கழிக்கும் நிர்வாகம், தன் ஆசிரியர்களையே இழந்துவிடுகிறது.

ஆகவே, நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்கள் சான்றிதழ்களை எண்ணுவதை விட்டு, சில கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். சென்ற மாதம் எந்த வேலையின் முறை திருந்தியது? அதைக் கண்டு சொன்னவர் யார்? மற்றவர்களுக்கு அதைக் கற்பித்தவர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின், அங்கே பயிற்சி உயிரோடு இருக்கிறது எனலாம்.