உளவியலும் குற்றவியலும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பாதை

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

பிள்ளை உளவியல் படிக்கிறேன் என்றால், "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா?" என்கிறோம். குற்றவியல் என்றால், "பொம்பளப் பிள்ளை போலீஸ், கோர்ட் என்று அலையணுமா?" என்கிறோம். அந்தப் படிப்பு எங்கே பயன்படுகிறது என்று பார்ப்போம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 16 வயது முடிந்து 18 ஆகாத பையன் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அதற்கு உளவியலாளர்களின் உதவியைப் பெறலாம். ஒரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையே அந்த மதிப்பீட்டில்தான் இருக்கிறது. அங்கே மனதையும் சட்டத்தையும் படித்தவர்கள் வேண்டாமா? நம் பிள்ளைகளும் அங்கே இருக்க வேண்டாமா?

பிளஸ் டூ முடித்து உளவியலில் மூன்றாண்டு பட்டம்; பிறகு குற்றவியலில் முதுகலை. வெகுதூரம் போக வேண்டாம். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே குற்றவியல் துறை இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவ உளவியலாளர் ஆக இந்தப் பட்டங்கள் மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். சேரும் முன்பே விசாரியுங்கள்.

பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியலோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பம், கட்டணம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.