மானியம் ஏக்கருக்கு, தீனி யாருக்கு?



இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் 'அங்கக மாட்டிறைச்சி' என்று பார்த்ததும் நண்பர் ஒருவர் போன் செய்து, "தலைமை தாங்க நீங்களா மாட்டினீங்க?" என்றார். மாட்டித்தான் கொண்டேன். புதுச்சேரியில் பசுவதைத் தடுப்புச் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது. ஆகவே இங்கே இறைச்சி என்றால் பெரும்பாலும் எருமையைப் பற்றித்தான் பேச முடியும். அது சிறிய தொழிலும் இல்லை. 2022-23-ல் இந்தியா ஏற்றுமதி செய்த எருமை இறைச்சி சுமார் 11.75 லட்சம் டன். இதைப் பேசக் கூச்சப்பட்டால் கருத்தரங்கை மூடிவிட்டுப் போகலாம்.

போன வாரம் இதே லாஸ்பேட்டையில், வீடு எழும்பாத காலி மனை ஒன்றில் ஓர் அம்மா நாலு எருமைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். கால்நடை மருத்துவனாக இருந்த பழக்கம், நின்று விசாரித்தேன். "நிலம் எவ்வளவும்மா இருக்கு?" "நிலம் ஏது சார், கயிறு எம்மாந் தூரமோ அம்மாந் தூரம்" என்று சிரித்தார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கயிற்றைப் பற்றித்தான். 2015-ல் தொடங்கிய 'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா'வில், குழுவாகச் சேர்ந்து அங்கக முறைக்கு மாறும் உழவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். அதில் 15,000 இடுபொருளுக்காக உழவர் கணக்கிலேயே விழுகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் கயிற்று நீளத்துக்கு எவ்வளவு என்று அதில் கணக்கு இல்லை.

அயர்லாந்திலும் ஹெக்டேர் கணக்குதான். இறைச்சி மாடு வளர்ப்பவர் அங்கக முறைக்கு மாறும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 300 யூரோ என்று 2023-ல் உயர்த்தினார்கள். அங்கே அது பலிக்கிறது, ஏனென்றால் மாடும் புல்வெளியும் ஒரே ஆள் கையில். ஐரோப்பிய விதிப்படி அங்ககமல்லாத பண்ணையிலிருந்து வந்த இறைச்சி மாடு தன் ஆயுளில் முக்கால் பங்காவது அங்ககத் தீனி தின்று வளர்ந்திருக்க வேண்டும். புல்லுக்குக் கொடுத்த காசு நேரே மாட்டின் வாய்க்குப் போகிறது. நம்மிடம் மாடு ஒருவரிடம், வயல் இன்னொருவரிடம்.

விலக்கு இல்லாமல் இல்லை. காங்கேயம் பக்கம் மாட்டுக்காரரின் சொந்த மேய்ச்சல் நிலமான கொரங்காடு பார்த்திருப்பீர்கள். கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வேலமரத்துக் காய் உதிர்ந்தால் மாடு பொறுக்கித் தின்னும். உரமும் மருந்தும் அந்த மண்ணுக்குத் தேவைப்படவில்லை. சான்றிதழ் மட்டும்தான் பாக்கி! ஆனால் கொரங்காட்டைக் கொண்டுவந்து புதுச்சேரியில் நட முடியாது.

இங்கே மாட்டுக்கு முதல் தீனி வைக்கோல். பாகூர் நெல் வயலில் மருந்தடித்தால் அந்த வைக்கோலைத் தின்னும் எருமைக்கு எந்தச் சான்றும் கிடைக்காது. எனவே அங்கக இறைச்சியும், ஏன் அங்ககப் பாலும், பாகூர் வயலில்தான் தொடங்கியாக வேண்டும். அங்கக நெல் குழுவுக்கு மானியம் கொடுக்கும்போது அவர்கள் வைக்கோல் எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறோமா? வியாபாரி லாரியில் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. அந்த வைக்கோலை நிலமில்லாதவர் வாங்கும்போது கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு கை கொடுத்தால், அதே பணம் இரண்டு வேலை செய்யும்.

அங்கக முறைக்கு ஏற்ற மாட்டு மருந்து விஷயம் எளிது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்துப் பூசும் முறையைத் தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி எடுத்துச் சொல்லி, தேசியப் பால்வள வாரியமும் நாடெங்கும் பரப்பியிருக்கிறது. நானே ஆரம்பத்தில் நம்பாமல் சிரித்தவன். எல்லா நோய்க்கும் இது போதும் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஆன்டிபயாட்டிக் ஊசிகளில் பாதியை நாம் அவசரத்தில்தான் போட்டோம்.

மதிய அமர்வுக்குத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். விண்ணப்பத்தில் 'சர்வே எண்' என்ற கட்டத்துக்குக் கீழே 'மாடுகளின் எண்ணிக்கை' என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை என்று அவர்களிடம் கேட்கப்போகிறேன். இப்போது வைக்கோல் பற்றிக் கட்டுரை படிக்க இருப்பவரை மேடைக்கு அழைக்கிறேன். இருபது நிமிடம், அதற்கு மேல் மணி அடித்துவிடுவேன்.