போனஸ் பங்கும் பங்கின் மதிப்பும்

பங்கு முதலீட்டின் பயன் இருவகைப்படும். கம்பெனி ரொக்கமாக வழங்கும் ஈவுத்தொகை ஒன்று. வாங்கிய விலைக்கு மேல் விற்பதால் கிடைக்கும் மூலதன ஆதாயம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஊற்று கம்பெனியின் லாபமே. பகிர்ந்தளிக்கப்படும் லாபம் ஈவுத்தொகையாகிறது. நிறுத்திவைக்கப்படும் லாபம் தொழிலில் நன்கு ஈடுபடுத்தப்படுமாயின் பங்கின் விலையை உயர்த்துகிறது.

300 ரூபாய் விலையுள்ள பங்கிற்கு 10 ரூபாய் ஈவுத்தொகை வழங்கப்பட்டால், பிற நிலைமைகள் மாறாதவரை, அதன் விலை 290 ரூபாயை ஒட்டி இறங்கும். ரொக்கம் கம்பெனியை விட்டு வெளியேறுவதே காரணம்.

போனஸ் பங்கில் ரொக்கம் வெளியேறுவதில்லை. காப்பு நிதியிலுள்ள தொகை பங்கு மூலதனக் கணக்கிற்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே. 300 ரூபாய் விலையில் 100 பங்குகள் வைத்திருப்பவருக்கு ஒன்றுக்கு ஒன்று வீதம் போனஸ் கிடைத்தால், 150 ரூபாய் விலையில் 200 பங்குகள் இருக்கும். மொத்த மதிப்பு 30,000 ரூபாயே. ஆயினும் பங்கு ஒன்றுக்கான ஈவுத்தொகை குறைக்கப்படாவிடில், மொத்த வருவாய் இருமடங்காகும். அத்தகைய எதிர்பார்ப்பே போனஸ் அறிவிப்பின்போது விலையை உயர்த்துகிறது. எதிர்பார்ப்பு பொய்த்தால் விலையும் நில்லாது.

1974 ஜூலையில், பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, ஈவுத்தொகைக்கு அவசரச் சட்டத்தின் மூலம் வரம்பு விதிக்கப்பட்டது. முகமதிப்பில் 12 சதவீதம், வரி போக நிகர லாபத்தில் மூன்றில் ஒரு பகுதி ஆகியவற்றுள் எது குறைவோ அதுவே வரம்பு. ஆலைகளும் இயந்திரங்களும் அப்படியே இருந்தன. எனினும் பங்கு விலைகள் சரிந்தன. கம்பெனிக்குள் தங்கும் லாபம் தம் கைக்கு வந்து சேரும் என்னும் நம்பிக்கை முதலீட்டாளருக்குக் குன்றினால், அந்த லாபத்திற்குச் சந்தை முழு மதிப்பளிப்பதில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

சதவீதக் கணக்கும் சிறு முதலீட்டாளரை மயக்கக்கூடியது. ஈவுத்தொகைச் சதவீதம் முகமதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 500 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, 100 சதவீத ஈவு என்பது 2 சதவீத வருவாயே.

வரிவிதிப்பிலும் வேறுபாடு உண்டு. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை பெறுபவரின் வருமானத்தில் சேர்த்து வரி விதிக்கப்படலாயிற்று. போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யமாகக் கொள்ளப்படுவதால், அதன் விற்பனைத் தொகை முழுவதும் ஆதாயமாகும். வைத்திருந்த காலமும் ஒதுக்கீட்டு நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே, ஓய்வூதியத்தை நம்பி வாழும் குடும்பம் போனஸ் பங்கை விற்றுச் செலவிடுமாயின், அது செலவழிப்பது நன்கொடையை அன்று. தன் முதலின் ஒரு பகுதியையே.

பங்குகளின் எண்ணிக்கை செல்வமாகாது. கம்பெனியின் லாபம் ஈட்டும் திறனும், அந்த லாபத்தைப் பங்குதாரர்க்கு நேர்மையாகச் சேர்ப்பிக்கும் நிர்வாகமுமே பங்கின் மதிப்பை நிலைநிறுத்துகின்றன.