ஜப்தின்னா எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

ஒரு வருஷம் எங்க சம்பாப் பயிர் மழைத்தண்ணியில் நின்னு அழுகிப்போச்சு. தனியார்கிட்ட புரோநோட்டு எழுதி வாங்கின 40,000 ரூபாய்க்கு வட்டிகூடக் கட்ட முடியல. ஒருநாள் விளக்கு வச்ச நேரத்துல கடன் கொடுத்தவரோட ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "நாளைக்கு அமீனா வருவார். அண்டா குண்டாவிலிருந்து கழுத்துத் தாலி வரைக்கும் ஜப்திதான்"னு சொல்லிட்டுப் போனார். என் மாமியார் ராத்திரியோட ராத்திரியா பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வச்சாங்க. நான் விடிஞ்சதும் என் தையல் மெஷினைக் கிடைச்ச விலைக்கு வித்தேன். எங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்த மெஷின் அது. அமீனா வரவே இல்லை. அவங்க கேஸே போடலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

அப்புறம் ஒரு சட்ட முகாமில் வக்கீல் அம்மா ஒருத்தர் விளக்கினாங்க. கேஸ் போட்டு, டிக்ரி வாங்கி, அதை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டு, கோர்ட் வாரண்டு கொடுத்தால்தான் அமீனா வர முடியும். அப்பவும் சூரியன் மறைஞ்ச பிறகும், உதிக்கிறதுக்கு முன்னாடியும் வீட்டுக்குள்ள நுழையக்கூடாது. கடன் கொடுத்தவர் தானே வந்து சாமானைத் தூக்க உரிமையே கிடையாது.

1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60. பிரெஞ்சுக்காரங்க ஆண்ட நம்ம பக்கத்துக்கு இது 1968-இல் வந்தது. உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை, இதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது. தாலி அதில் வரும். கைத்தொழில் செய்றவங்க கருவி, விவசாயியின் பிழைப்புக்கு வேணும்னு கோர்ட் நினைக்கிற கலப்பை, மாடு, விதைநெல், விவசாயியும் கூலியாளும் குடியிருக்கிற சொந்த வீடு, கூலிப்பணம், இதுவும் அப்படித்தான். என் மெஷினைத் தொழில் கருவின்னு கோர்ட்டில் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியல.

மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூணில் ரெண்டு பங்கையும் தொட முடியாது. 16,000 சம்பளம்னா 5,000 வரைக்கும்தான் பிடிக்கலாம். "இந்தச் சலுகை எனக்கு வேண்டாம்"னு பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது, பிரிவு 56. ஆண்களையும், கையில் வசதி இருந்தும் வேணும்னே கட்டாம ஏமாத்தினாத்தான் சிவில் ஜெயிலுக்கு அனுப்பலாம்.

ஆனா நிலம், பைக், டிவி, பேங்க்கில் இருக்கிற பணம், இதெல்லாம் போகலாம். வீட்டையே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தா மேலே சொன்ன பாதுகாப்பு அந்த வீட்டுக்குக் கிடைக்காது. அடகு வச்ச நகையை நோட்டீஸ் கொடுத்துட்டு கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விடலாம்.

இன்னொண்ணு. சம்மன் வந்தா வாங்காம ஒளியுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. வீட்டுக்காரர் வெளியூர்னு சொல்லி அனுப்பிடுவோம். போகலைன்னா அவங்க சொன்ன தொகைக்கே எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிடும். அது 12 வருஷம் உயிரோட இருக்கும். போனா கணக்கைக் கேட்கலாம், கட்டின ரசீதைக் காட்டலாம், தவணை கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. போன் நம்பர் 15100.

மைக்ரோ பைனான்ஸ் வாங்கியிருக்கிறவங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கு. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது, மிரட்டக்கூடாது.

எங்க கடனைக் குழுக் கடன் வாங்கித்தான் அடைச்சோம். புரோநோட்டைத் திருப்பி வாங்கிக் கிழிச்சாச்சு. மெஷின் மட்டும் திரும்பி வரல. இப்ப பழைய மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன், நூல் அடிக்கடி அறுந்துபோகுது.

சம்மன் கையில் வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, சாப்பாடு முடிஞ்சதும் என்கிட்ட வாங்க. வாய்தா தேதியைப் பார்த்துட்டு கோர்ட்டுக்கு நானும் கூட வர்றேன்.